மாப்பிள்ளை விசாரணை

கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி வாசலில், ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் டிபன்பாக்ஸைத் திறந்து பார்ப்பதுதான் அம்மாரின் உத்தியோகம். திருட்டைப் பிடிக்கவாம். பத்து வருஷத்துக்கு மேல் பார்த்தும் அவன் பிடித்தது மிச்சம் வைத்த புளிசாதம் மட்டுமே.

அவன் தங்கை நஃபீஸத்துக்கு முக்கூடல் சிராஜுதீனைப் பேசியிருந்தார்கள். துபாயிலிருந்து திரும்பி ஊரில் கடை வைத்திருப்பவர். முப்பத்திரண்டு வயதில் முதல்முறையாக, பிடித்திருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்ன மாப்பிள்ளை. அந்த நேரம் பார்த்து, விசாரிக்க அமர்த்தியிருந்த பாளையங்கோட்டை துப்பறியும் ஆபீஸ் சிவசைலம் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“மாப்பிள வெள்ளிக்கிழமைதோறும் சாமானத் தூக்கிக்கிட்டு ஒரு வீட்டுக்குப் போறாரு வே. அங்கன ஒரு பொம்பளையும் ரெண்டு பிள்ளையளும் இருக்கு.”

சிராஜுதீனைக் கேட்டதற்கு, “தப்பு ஒண்ணும் கிடையாது,” என்றதோடு வாயை மூடிக்கொண்டார். இன்னொரு வார்த்தை சொன்னால் மனுஷனுக்கு என்ன குறைந்தா போய்விடும்? சம்பந்தத்தை முறித்துவிடலாம் என்றார்கள் வீட்டில். நஃபீஸத் அண்ணனிடம் வந்தாள்.

“காக்கா, நீங்க நேர்ல போயிப் பாத்துட்டு வாங்க. நீங்க வேண்டாம்னா நானும் வேண்டாம்னுருதேன்.”

ஆம்பிளை தனியாகப் போனால் அந்தக் கதவு திறக்காது என்று மனைவி முஃபீதாவையும் கூட்டிப் போனான். அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், பிள்ளைகளின் பேரைக் கேட்டாள், சிராஜுதீனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் மதினி என்று சொல்லி, வாப்பா எங்கே என்றும் கேட்டாள். அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

“மவுத்தாயிட்டாங்க. துபாய்ல அவங்களும் இவரும் ஒரே ரூமு. இப்பம் பிள்ளையளுக்கு இவருதான் செய்யுதாரு. வெளிய தெரிஞ்சா செஞ்ச சதக்கா தர்மத்தோட நன்மை போயிரும், யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. நீங்களும் சொல்லிராதீங்க.”

எதிர்வீட்டிலும் பைய விசாரித்தான். சிராஜுதீன் வாசப்படி தாண்டியதே இல்லையாம்.

அம்மார் வாக்குக் கொடுத்துவிட்டான். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது: உண்மை தெரியும், வீட்டில் சொல்ல முடியாது.

“ஆள் சுத்தம். அங்கன எதுக்குப் போறாருன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்,” என்றான், சிவசைலத்தையும் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும்.

“கேட்ல உக்காந்திருக்கவன் பேச்ச நம்பியா பொண்ணக் குடுக்கது?” என்று மாமா சிரித்தார்.

நஃபீஸத் உள்ளிருந்து வந்தாள். “காக்கா பாத்துட்டு வந்துட்டாவல்லா. எனக்கு அது போதும்.”

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே சிவசைலம் கேட்டார். “எங்கிட்டயாவது சொல்லும்.”

“மாட்டேன் அண்ணாச்சி.”

“அப்பம் திங்கக்கிழமை ஆபீசுக்கு வாரும். வாய் நிக்காத பயலுவள வச்சுத்தான் இம்புட்டு நாளா தொழில் நடத்துதேன்.”

கம்பெனி வேலையை விட்டு மூன்று வருஷமாகிறது. இன்று சிவசைலத்தை நம்பி வருகிறவர்கள் அம்மாரைத்தான் கேட்கிறார்கள். போன வாரம் தங்கை வீட்டில் விருந்து. அந்த வீட்டைப் பற்றி அவள் இன்றுவரை அவனிடம் எதுவும் கேட்டதில்லை. சாப்பிட்டு எழுந்ததும் அவளைக் கூப்பிட்டான்.

“அன்னைக்கு நீ நம்புனதுக்கு நான் நன்றி சொன்னதே இல்ல பிள்ள.”

“நான்லா சொல்லணும் காக்கா,” என்ற நஃபீஸத், கைப்பிள்ளையை அவன் மடியில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.