அச்சுதனுக்கு மட்டும் கிளம்பாத கார்

மூன்று வாரமாக அந்தக் கார் படுத்திக்கொண்டிருந்தது. ருக்மிணி சாவியைத் திருகினால் உடனே ஸ்டார்ட் ஆகும். அவள் கணவன் அச்சுதன் திருகினால், சில நாள் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், பற்றாது. மெக்கானிக் இரண்டு முறை பார்த்தும் எந்தக் கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"வண்டிக்கு என்னையப் புடிக்கலையாட்ட இருக்குது, ருக்கு" என்று அச்சுதன் சிரித்தான். ஐம்பத்திரண்டு வயது. வானவடியில் ஒரு வங்கிக் கிளையில் மேலாளர். கோயம்புத்தூரை விட்டு வெளிமாநிலம் வந்து கோந்த்வாவில் குடியேறிப் பதினொரு வருடம் ஆகிறது.

ருக்மிணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலையே இதுதான்: எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று காரின் கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது. ஞாயிறு காலை, ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றைச் செருகி, போனைக் கையில் வைத்துக்கொண்டு அச்சுதனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டருக்குத் தெரிவதெல்லாம் இப்போது போனில் எண்களாகத் தெரியும்.

"இப்ப திருகுங்க."

எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. காற்று, சூடு எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் பெட்ரோல் தெளிப்பு பூஜ்யம். ஆக்சிலேட்டர் தொண்ணூற்றெட்டு சதவீதம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகத் தேங்கிவிட்டது, அதைக் காற்றால் வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும், பெட்ரோலை நிறுத்திவிடும்.

"ஏனுங்க, உங்க வலது கால் எங்க இருக்குது?"

"பிரேக்குமேலதான்."

"குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தான். கால் ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்திக்கொண்டிருந்தது. அவன் அதைக் கையால் பிடித்துத்தான் எடுத்தான்.

காருக்கு முன்னால், பக்கத்து வீட்டுக் குழந்தையின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. ருக்மிணி எட்டிச் சாவியை உருவிக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம் இருக்கும். பஞ்சுமேல நடக்கற மாதிரி இருக்குது. சுகர்னாலதான்னு தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி ஓட்ட விடமாட்டே. காலைல உன்னையக் கம்பெனி கேப்புல ஏத்தி விடற அந்தக் கால் மணி நேரந்தான் நாம ரெண்டு பேரும் பேசறோம். நீ வீடு திரும்பறப்ப பேசத் தெம்பிருக்கறதில்ல."

திட்ட வேண்டும் என்று வாயெடுத்தவள், அவன் தோளில் நெற்றியை வைத்து அழுதாள்.

மறுநாள் டாக்டர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் பத்து இடங்களைத் தொட்டார். ஆறு இடங்களில்தான் அவனுக்குத் தெரிந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இதற்குமேல் பரவாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இனி கார் ஓட்டக்கூடாது. காயம் பட்டாலும் தெரியாது என்பதால் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

இப்போது காலையில் இருவரும் ஆட்டோவில் போகிறார்கள். அவள் கேப் ஏறியதும் அதே ஆட்டோவில் அவன் திரும்புகிறான். சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. டிரைவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன்னால், அவன் பாதத்தை மடியில் வைத்து விளக்கு வெளிச்சத்தில் விரல் விரலாகத் தொட்டுப் பார்ப்பாள்.

"இங்க தெரியுதுங்களா?"

"இல்ல."

விரலைக் கணுக்காலுக்கு நகர்த்துவாள். "இங்க?"

"தெரியுது."

அங்கேயே கையை வைத்துக்கொள்வாள்.