தோலுரித்த வான்கோழி

ஒரு சமூகம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை, அது ஒரு பறவையை எத்தனை துண்டாக வெட்டுகிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம் என்று பாலமுரளி அறிவித்தான். துண்டு கூடக் கூட நாகரிகம் குறையும். பறவையை முழுதாகச் சமைத்து, முழுதாக மேசைக்குக் கொண்டுவந்து, எல்லோர் முன்னிலையிலும் அறுத்துப் பரிமாறுகிறவன் மனிதகுலத்தின் உச்சியில் நிற்கிறான். அதையே நாற்பது துண்டாக நறுக்கி, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதபடி குழம்பில் மூழ்கடிக்கிறவன் அடிவாரத்தில் நிற்கிறான். மசாலா என்பது தன் கைத்திறமையில் நம்பிக்கை இல்லாதவன் போர்த்திக்கொள்ளும் கம்பளி.

இதை அவன் ஷார்ஜா அல் நஹ்தாவில் ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில், இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டே சொன்னான். கேட்டவர்கள் இரண்டு பேர். மனைவி பிருந்தா, இன்னொரு இட்லி வேண்டுமா என்று கேட்டாள். அருப்புக்கோட்டையிலிருந்து விசிட் விசாவில் வந்து மூன்று வாரமாகத் தங்கியிருக்கும் மாமியார் வீரம்மாள், "அப்பிடியா தம்பி" என்றார்.

அந்தத் 'தம்பி'தான் பிரச்சினை.

வீரம்மாளுக்கு மருமகன்கள் இரண்டு பேர். மூத்தவர் ரெங்கராஜ் குவைத்தில் ஃபர்வானியாவில் இருக்கிறார். அவரை வீரம்மாள் 'மாப்பிள்ளை' என்பார். இளையவன் பாலமுரளி. கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் அவன் 'தம்பி'யாகவே இருந்தான். தண்ணீர் கேன் போட வருகிறவரும் வீரம்மாளுக்குத் தம்பிதான். லிஃப்டில் ஒன்பதை அழுத்திக் கொடுத்த பெஷாவர்க்காரரும் தம்பிதான். தன் பெண்ணைக் கட்டியவனுக்கும் தண்ணீர் கேனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கக்கூடாதா என்று பாலமுரளி யாரிடமும் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அது பட்டம் ஆகாது.

ரெங்கராஜ் அந்தப் பட்டத்தை எப்படிச் சம்பாதித்தார் என்பது ஊரறிந்த கதை. போன வருஷம் வீரம்மாள் குவைத் போயிருந்தபோது, கடற்கரையில் ஒரு முழு மீனைக் கரியில் சுட்டுக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்பும் அவர் மாப்பிள்ளைதான் என்றாலும், பாலமுரளியின் கணக்கில் எல்லாம் அந்த மீனிலிருந்தே தொடங்கியது. "மாப்பிள்ள கையால சுட்ட மீனு" என்பது அந்த வீட்டில் வாரத்துக்கு மூன்று முறை ஒலிபரப்பாகும் செய்தி. இப்போது தேசிய தின விடுமுறைக்கு ரெங்கராஜும் மூத்த மகள் சங்கீதாவும் ஷார்ஜாவுக்கே வருகிறார்கள். மீனை அடிக்க மீனை விடப் பெரிதாக ஒன்று வேண்டும். முழு ஆடு ஓவனில் நுழையாது. பாலமுரளி வான்கோழிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

சமையலில் முன் அனுபவம் உண்டா என்று பிருந்தா கேட்டாள். தான் ஏசி கம்பெனியில் எஸ்டிமேட்டர், வெப்பம்தான் தன் தொழில் என்றான். அவன் தொழில் வெப்பத்தை வீட்டிலிருந்து வெளியேற்றுவது என்பதை அவள் ஞாபகப்படுத்தினாள். திசைதான் வேறு, விஞ்ஞானம் ஒன்றுதான் என்றான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹைப்பர் மார்க்கெட்டிலிருந்து ஆறரைக் கிலோ வான்கோழி வந்து இறங்கியது. கருங்கல் போல உறைந்திருந்தது. ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைத்து மெதுவாக இளக்க வேண்டும் என்பது விதி என்பதால், அங்கே குடியிருந்த தோசை மாவும் முருங்கைக்காயும் தயிரும் வெளியேற்றப்பட்டன. வீரம்மாள் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே படுத்திருப்பவரைத் தொந்தரவு செய்யாதவர் போல மெதுவாக மூடினார்.

அடுத்து ஓவன். நான்கு வருஷத்தில் அந்த ஓவனை யாரும் பற்றவைத்ததில்லை. எல்லா நல்ல தமிழ்க் குடும்பங்களையும் போல அவர்களும் அதை அலமாரியாகத்தான் வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து மூன்று வாணலி, தோசைக்கல், ஆப்பச்சட்டி, இட்லித் தட்டு, கைப்பிடி போன குக்கர், கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டிபன் கேரியர் எல்லாம் வெளியே வந்தன. கடைசியாக, பிளாஸ்டிக் பைகளை அடைத்துவைத்த ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. இவ்வளவும் சோபாவுக்குக் குடிபோயின. வருகிற சகலை எங்கே உட்காருவார் என்று பிருந்தா கேட்டபோது பாலமுரளி ஓவனை அளந்துகொண்டிருந்தான்.

ஓவனோடு வந்த தட்டில் வான்கோழி அடங்கவில்லை. அதற்காக அவன் தொழில்பேட்டையில் இருக்கும் தங்கள் கம்பெனி டக்ட் பட்டறைக்குப் போனான். ஏசிக் காற்றுப்போக்கிகளைத் தகடு வளைத்துச் செய்யும் இடம். ஃபோர்மேன் வேலுச்சாமி அளவைக் குறித்துக்கொண்டு, எந்த சைட்டுக்கு என்று கேட்டார். வீட்டுக்கு, வான்கோழிக்கு என்றான் பாலமுரளி.

"முழுசாவா சார் வேக வைக்கப் போறீங்க? எங்க பக்கம்லாம் துண்டு போட்டு, நல்லா மொளகு தட்டிப் போட்டுக் கொழம்புதான்."

பாலமுரளி அவரை இரக்கத்தோடு பார்த்தான். நாகரிகம் பற்றிய தன் கருத்தை, பக்கத்தில் தகடு வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபடியால், கொஞ்சம் உரத்த குரலில் எடுத்துச் சொன்னான். வேலுச்சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, எவர்சில்வர் தகட்டில் தட்டு வளைத்துக் கொடுத்தார். மூலைகளில் ஒரு சொட்டு ஒழுகாது என்று உத்தரவாதமும் கொடுத்தார். அந்த மொத்தக் காரியத்திலும் சரியாக நடந்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை ரெங்கராஜும் சங்கீதாவும் வந்தார்கள். அதிகம் பேசாதவர் ரெங்கராஜ். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். "பெரிசாத்தான் இருக்கு சகல" என்று சொல்லி மூடினார். பாலமுரளிக்கு அது போதுமானதாக இருந்தது. ஞாயிறு முழுவதும் அவன் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தான். ரகசியம் தோலில் இருக்கிறது. தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை விட்டு வெண்ணெயைத் தடவ வேண்டும். தோல்தான் ஈரத்தை உள்ளே காக்கும், தோல்தான் பொன்னிறமாகும், தோல்தான் மொறுமொறுக்கும். வீரம்மாள் ஊருக்கு ஒரு முக்கியமான போன் பேசிக்கொண்டிருந்ததால், இந்த வகுப்புக்கு மட்டும் வரவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்குப் பாலமுரளி வெண்ணெயோடு சமையலறைக்குள் போனான்.

வான்கோழி சிங்க் பக்கத்தில் இருந்தது. கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது. தோல் இல்லை.

வீரம்மாள் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "அஞ்சு மணிக்கே எந்திரிச்சிட்டேன் தம்பி. கறிக்கோழித் தோலு மாதிரி லேசுல வரலை. ரெக்கையில ஒட்டிக்கிட்டு என்ன பாடு படுத்திருச்சு. ஐஸுல கெடந்த தோலு, ஒரே கொழுப்பு, ஒடம்புக்கு ஆகாது. அம்புட்டையும் கவர்ல கட்டிக் கீழ போட்டுட்டேன்."

பாலமுரளி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். குப்பை லாரி போய்விட்டிருந்தது. மாமியார் இரண்டு மணி நேரம் நின்று, அந்தக் கிழடு தட்டிய பறவையோடு மல்லுக்கட்டி, அவனுக்கு வேலை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இப்போது ஒரு வார்த்தை சொன்னால், ஜென்மத்துக்கும் தம்பிதான். அதற்குக் கீழே ஏதாவது பதவி இருந்தால் அதுவும் கிடைக்கலாம்.

"நானே உரிக்கணும்னு நெனச்சேன் அத்தை" என்றான்.

வெண்ணெயை வெளியே தடவினான். மஞ்சளில் வழுக்கிக்கொண்டு அது தட்டில் போய் உட்கார்ந்தது. மேலே அலுமினியத் தாளைப் போர்த்தினான். இதைப் பார்த்த ரெங்கராஜ், "சட்டையில்லாமப் போகுதேன்னு பாத்தேன். பரவால்ல, போர்வை குடுத்துட்டீங்க" என்றார். கம்பளி பற்றிய தத்துவத்தை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பாலமுரளிக்கு எங்கோ சுருக்கென்றது.

ஒன்பது மணிக்கு ஓவன் பற்றவைக்கப்பட்டது. பத்தரைக்கு வீடு முழுவதும் நான்கு வருஷத்துத் தூசி வெந்த வாசனை வந்தது. பன்னிரண்டுக்கு சங்கீதா, யாருக்காவது தயிர்சாதம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எல்லோரும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மணிக்கு ஓவனிலிருந்து வெளியே இழுத்து, வெப்பம் அளக்கும் கருவியைக் குத்திப் பார்த்தான்; நெஞ்சுப் பகுதி எப்போதோ வெந்து முடித்து ஓய்வில் இருந்தது, தொடை இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை. ஒரே ஏசியில் ஒரு ரூம் குளிர்ந்து இன்னொரு ரூம் வேர்க்கிற கதை. தொழிலில் இதற்கு கஸ்டமர் கம்ப்ளெயிண்ட் என்று பெயர்.

இரண்டு மணிக்கு அதை மேசையில் வைத்தான். முழுதாக இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. நிறம் மட்டும் பொன்னிறத்தைத் தாண்டி, மழையில் நனைந்து காய்ந்த தேக்குப் பலகையின் நிறத்துக்கு வந்திருந்தது. பிருந்தா போட்டோ எடுத்தாள். குடும்பக் குரூப்பில் போடவில்லை. பாலமுரளி எல்லோர் முன்னிலையிலும் கத்தியை எடுத்து அறுத்தான். அறுபடும் சத்தம் கேட்டது. கறிக்குச் சத்தம் இருக்கக்கூடாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

சாப்பிட்டார்கள். ரெங்கராஜ் ஒரு துண்டை வாயில் போட்டு, டிவியில் ஓடிய அணிவகுப்பு முடியும் வரை மென்றார். சங்கீதா ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டாள். தொடை அருகே பாலமுரளி கத்தியை விட்டபோது உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தது. தாளை இழுத்து மூடினான். வீரம்மாள் மட்டும் தட்டில் வைத்ததை விடாமல், கடைவாயில் ஒதுக்கி ஒதுக்கி, மூன்று துண்டு சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். புடவைத் தலைப்பில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ள" என்றார்.

பாலமுரளி ரெங்கராஜைப் பார்த்தான். ரெங்கராஜ் பாலமுரளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள, தப்பா நெனைக்க மாட்டீகளே. இதைக் கொஞ்சம் கொழம்புல போட்டுக்கிறவா? நேத்தே தேங்காயும் சோம்பும் மொளகும் அரைச்சு வச்சுட்டேன். சும்மா, எதுக்கும் இருக்கட்டும்னு."

பிருந்தா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருஷம் காத்திருந்த வார்த்தை. அது இப்படி ஒரு மனுவின் தலைப்பில் வந்து சேரும் என்று பாலமுரளி எதிர்பார்க்கவில்லை. நாகரிகம், அடிவாரம், உச்சி எல்லாம் ஒரு நொடி அவன் தொண்டைவரை வந்தன. அங்கே ஏற்கெனவே நெஞ்சுக்கறி அடைத்துக்கொண்டிருந்தது.

அவன் எழுந்து தட்டோடு வான்கோழியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். பலகையை எடுத்துப் போட்டான். காலை முறுக்கிப் பிரித்தான்.

"சின்னதா போடவா அத்தை?"

"கொஞ்சம் சின்னதாவே போடுங்க. அப்பத்தான் மசாலா எறங்கும்."

அவன் சின்னதாகவே போட்டான். வீரம்மாள் சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, அரைத்து வைத்ததைக் கொட்டினார். அந்த வாசனை ஹாலுக்குப் போனதும், தூங்கப்போவதாகச் சொல்லியிருந்த ரெங்கராஜ் திரும்பிவந்து மேசையில் உட்கார்ந்தார். "தம்பி, அந்தக் கறிவேப்பிலைய எடுங்க" என்றார் வீரம்மாள். பட்டத்தின் ஆயுள் பன்னிரண்டு நிமிடம். பாலமுரளி கறிவேப்பிலையை எடுத்துக் கொடுத்தான். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கண் சட்டியில் இருந்தது.

நான்கு மணிக்கு வீடு அடங்கியது. ஹாலில் ஆளுக்கொரு திசையில் படுத்திருந்தார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு போதும் என்று கௌரவமாகத் தட்டை ஒதுக்கிவைத்திருந்த பாலமுரளி, தண்ணீர் குடிக்கப் போவதுபோலச் சமையலறைக்குள் போனான். கதவை முக்கால்வாசி சாத்தினான். குக்கரில் மிச்சமிருந்த சோற்றைக் குழம்புச் சட்டியில் போட்டு, அடியில் ஒட்டியிருந்த மசாலாவைச் சேர்த்துக் கையாலேயே பிசைந்தான். சட்டியை வழிக்கும் சத்தம் வெளியே கேட்காமலிருக்க, குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டான்.