மூன்றாம் மாடிச் சுவர்

அப்பாவின் கை விறைத்துப்போயிருந்தது. வெள்ளைச் சட்டையின் கைக்குள் அதை நுழைக்க ராஜலிங்கம் முழங்கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தான், வளையவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைக்கு உரம் போட்டு வந்த அப்பா வீரய்யா, கடைசி இரண்டு வருஷம் கண்டி டவுனில் சுவரில் செடி வளர்த்தார். காப்புறுதிக் கம்பனிக் கந்தோர் ஒன்றின் நான்கு மாடிச் சுவர் முழுக்கத் துணிப்பைகள், பைக்கொரு செடி. கயிற்றில் தொங்கும் பலகையில் நின்று தண்ணீர் விடுவார், பழுத்த இலை கிள்ளுவார். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ராஜலிங்கம் கிளார்க். யுத்த காலம், தமிழன் என்பதற்கே ஒரு மாதிரி பார்த்தார்கள். லயத்துப் பிள்ளை என்று வேறு சொல்ல மனம் வராமல், ஊர் கொழும்பு என்று சொல்லிவைத்திருந்தான். பலகை அவன் ஜன்னலுக்கு இறங்கும்போது அப்பா செடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் சோதனைக்கு வந்த பொலிஸார் அவரைப் பிடித்தார்கள். அடையாள அட்டையை வீட்டில் விட்டு வந்திருந்தார். நனைந்த சட்டையோடு மேலே கூட்டிவந்து, இந்த ஆளைத் தெரியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். ராஜலிங்கம் மேசையிலிருந்த ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல், தெரியாது என்று சிங்களத்தில் சொன்னான். அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு இரவு பொலிஸ் நிலையத்துச் சிமெந்துத் தரையில் கிடந்தார். செடி வேலையைக் கொந்தராத்து எடுத்திருந்த முதலாளி போய்ப் பேசித்தான் விட்டார்கள். இருமலோடு வந்தவர் பிறகு எழும்பவில்லை. டவுனில் போடிங்கில் வாடகைக்குத் தங்கியிருந்த ராஜலிங்கம் மூன்று கிழமை வீட்டுப் பக்கம் வரவில்லை. சாவுச் செய்தி கேட்டுத்தான் வந்தான்.

ஹேவாஹெட்டயிலிருந்து வந்த மாமாவிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொலிஸ்ல புடிச்சி வச்சப்ப எம் மகந்தாண்ணே பேசி வெளிய எடுத்தான். அவரே வந்து சொன்னாரு."

"அம்மா, அது நான் இல்ல..."

"சும்மா இருய்யா. படுக்கையில கெடந்துகிட்டு வந்தவுங்க எல்லார்கிட்டயும் அதத்தான் சொன்னாரு."

மாமா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ராஜலிங்கம் கையை ஒருவழியாக நுழைத்து, அப்பாவின் சட்டைப் பொத்தான்களைப் பூட்டினான்.

தேயிலை மலைச் சரிவில் குழி வெட்டியிருந்தார்கள். பெட்டியை இறக்கியதும், பெத்த மகன் முதல்ல போடட்டும் என்று எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். அவன் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினான்.

மழை தூறியது. பின்னால் இருந்தவர்கள் கையில் மண்ணோடு, அவன் பிடியைத் திறக்கட்டும் என்று காத்து நின்றார்கள்.