சுருக்கம் விழாத சட்டை

நாத்தனார் யூனிஸ் நீட்டிய வெள்ளைப் பருத்திச் சட்டையை மேட்டி பலகையில் விரித்துக் கஞ்சித் தண்ணீர் தெளித்தாள். இஸ்திரிப்பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. நேற்று காலை மாரடைப்பில் போன கணவர் வெர்லனுக்கு உடுத்த, மதியத்துக்குள் சட்டை வேண்டுமென்று சவக்கூடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். மகள் கோரா அம்மாவின் வீங்கிய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெர்லன் கரோலினா மில் ஒன்றில் ஃபினிஷிங் பிரிவு மேஸ்திரி. பருத்தித் துணியை மருந்துத் தொட்டியில் முக்கிப் பிழிந்து, சூட்டில் வாட்டி, எத்தனை துவைத்தாலும் சுருக்கம் விழாமல் செய்கிற பிரிவு. வாங்க வருகிறவர்கள் முன்னால் துணியைக் கசக்கி உதறிக் காட்டி, "இனிமே பொம்பளைங்க இஸ்திரிப்பெட்டியத் தூக்கிக் கடாசிடலாம்" என்பார். பெரிய விடுதலை வீரர். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். அந்த மருந்துத் துணி பிடரியை அரிக்குமாம், சீக்கிரமே காலர் கிழியுமாம். ஆகவே துரைக்கு மருந்து படாத பருத்திதான், அதுவும் தினம் ஒன்று, கஞ்சி போட்டுத் தேய்த்து. அம்மாவின் கை வீங்கியபோது, அவளுக்குப் பெட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை என்றார்.

"காலர் விறைப்பா நிக்கணும் மேட்டி," என்றாள் யூனிஸ், அண்டை வீட்டார் கொண்டுவந்த பன்றிக்கறியை மென்றபடி. "என் தம்பி கசங்கின சட்டையோட எங்கயும் போனதில்ல."

"தேய்ச்சது யாரு அத்தை? நீங்களா?"

"துக்க வீட்ல வாயப் பாரு. ஊரே வந்து முகம் பாக்கும்டி."

கோரா உள்ளே போனாள். அலமாரி அடியில், மில்லில் பரிசாகக் கொடுத்த சட்டை பிரிக்காமல் கிடந்தது. உறையைக் கிழித்து அதை அம்மாவின் முன்னால் உதறினாள். ஒரு சுருக்கம் இல்லை.

"இது அவரே செஞ்ச துணிம்மா. தேய்க்கவே வேணாம்."

யூனிஸ் மெல்லுவதை நிறுத்தினாள். "ஐயோ, அதப் போட்டா அவனுக்கு அரிக்குமே."

மேட்டி இரண்டு சட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பிளக்கைப் பிடுங்கினாள்.

"அரிக்கட்டும் அண்ணி."

கோரா அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அம்மா பலகையை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அதை மடக்கி வைக்கும்படியான நாள் ஒன்றுகூட வந்ததில்லை. துருவேறிய கால் அசையவில்லை. மேட்டி பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதை ஓங்கி உதைத்தாள்.