பம்ப் ஹவுஸ் சாவடியின் கடைசித் தேர்தல்

பம்ப் ஹவுஸ் சாவடியில் மொத்தமே ஒரு ஓட்டுதான். அதற்குச் சொந்தக்காரர், கல்குவாரி நடந்த காலத்தில் அதற்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த பம்ப் ஆபரேட்டர். குவாரி மூடி எல்லோரும் கிளம்பிய பிறகும், மனைவியைப் புதைத்த இடத்தை விட்டுப் போக மனம் வராமல் பம்ப் ஹவுஸின் பின்னறையிலேயே தங்கிவிட்டவர்.

எல்லா வாக்காளரும் போட்டு முடித்துவிட்டால் முன்னதாகவே பெட்டிக்கு முத்திரை வைத்துக் கிளம்பலாம் என்று அந்தச் சாவடிக்கு ஒரு சலுகை உண்டு. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் எந்தத் தேர்தலிலும் சாயங்காலம் வரை அவர் ஓட்டுப் போட்டதில்லை. காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். வருஷக்கணக்கில் உள்ளே கிடந்த பேச்சையெல்லாம் அன்று ஒருநாளில் பேசித் தீர்த்துக்கொள்வார்.

இந்தத் தடவை கடைசி. தொகுதியைக் கலைத்துப் பக்கத்துத் தொகுதியோடு சேர்க்கப்போகிறார்கள். அடுத்த தேர்தலுக்கு அவர்தான் டவுனுக்குப் போய் வரிசையில் நிற்கவேண்டும். இங்கே யாரும் வரமாட்டார்கள்.

"ஐயா, போட்டுடலாமா?" என்றார் சாவடிக்குப் பொறுப்பாக வந்திருந்த பள்ளி ஆசிரியை.

"என்ன டீச்சர் அவசரம்? யாருக்குப் போடுறதுன்னு யோசிக்க வேண்டாமா?"

உதவிக்கு வந்திருந்த குமாஸ்தா கொட்டாவி விட்டார். "யோசிங்க பெரியவரே, நல்லா யோசிங்க. தொகுதியே போகப்போகுது, நீங்க இன்னும் யோசிங்க."

"அப்படி லேசா சொல்லாதீங்க தம்பி. இங்க முதல்ல ஜெயிச்சவர் சைக்கிள்ல வந்தார். ஆத்துக்குப் பாலம் கட்டித் தரேன்னார். அடுத்தவர் ஜீப்ல வந்தார். அவரும் அதே பாலம்தான். அதுக்கு அடுத்த ஆளு பாலத்தைப் படமாவே அச்சடிச்சு வீட்டுக்கு வீடு கொடுத்துட்டார். அப்பல்லாம் இந்த வாசல்லேருந்து ஆறு வரைக்கும் வரிசை நிக்கும். ஒருதரம் ரெண்டு பேருக்கும் ஓட்டு சமமா விழுந்து சீட்டுக் குலுக்கினாங்க. ஜெயிச்சவர்தான் பயந்துபோய் அழுதார்."

"பாலம் வந்துச்சா இல்லையா?" ஆசிரியை கேட்டார். 

"வராம? அது வந்ததும் எல்லாரும் அதுமேலயே ஏறிப் போயிட்டாங்க."

குமாஸ்தாவே சிரித்துவிட்டார். அப்போது அவருடைய போன் அடித்தது. வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண். வாசலுக்குப் போய்ப் பேசினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க... நீங்க கிளம்பித்தானே ஆகணும்... சரி, அம்மாவை உள்ள வெச்சு வெளியே பூட்டிட்டுப் போங்க. திறந்து வெச்சா தெருவுல இறங்கி வழி தெரியாம போயிடுவா. என்ன பண்றது, வேற ஆளில்லை... அழுறாளா?"

திரும்பி வந்தவர் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.

ஆபரேட்டர் பெஞ்சைவிட்டு எழுந்தார். "டீச்சர், சீட்டைக் கொடுங்க."

ஆசிரியைக்கு அவருடைய வழக்கத்தைப் பற்றி முன்பு வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். "ஐயா, இன்னும் மத்தியானம்கூட ஆகலையே" என்றார் மெதுவாக.

"அந்தம்மா பூட்டின வீட்டுல தனியா இருக்காங்க. தனியா இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். கொடுங்கம்மா."

மடித்துப் பெட்டியில் போட்டார். ஆசிரியை முத்திரை வைத்தார். கிளம்பும்போது குமாஸ்தா பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட போன் இருக்கா?"

"இருக்கு. கூப்பிடத்தான் ஆளில்லை."

"நம்பர் சொல்லுங்க. அம்மாவைப் பேசச் சொல்றேன். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவா. பரவாயில்லையா?"

"நானும் அதே கேஸ்தான் தம்பி. போங்க, சீக்கிரம் போங்க."

ஜீப்பின் சத்தம் ஆற்றுக்கு அப்பால் தேய்ந்து மறைந்தது. பகல் அப்படியே மிச்சமிருந்தது. அவர் கூடத்தைப் பெருக்கினார். பெஞ்சைச் சுவரோரம் தள்ளினார். போனை எடுத்து, சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து வைத்தார்.

அன்று போன் வரவில்லை. அந்தப் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்து, அம்மாவைத் தேற்றிச் சாப்பிடவைக்கவே நேரம் சரியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பெயர்கூடத் தெரியாத அந்த அம்மா பயமில்லாமல் தூங்கவேண்டும் என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டு விளக்கை அணைத்தார்.