பெயர் சொல்லக் கூடாத மருந்து

மேஜை கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை உள்ளே வந்திருக்கிறது என்று பியூன் கோவிந்தப்பா வந்து சொன்னார். ஆராவமுதன் குனிந்து பார்த்தான். உண்மைதான். முந்தின நாள் சாயங்காலம் கோவிந்தப்பாவே வராந்தாத் தரையில் சாக்கட்டியால் போட்ட கோடு அது. அந்தப் பக்கம் டாக்டர்கள் பாடம் கேட்கும் ஹால். இந்தப் பக்கம் மருந்துக் கம்பெனியின் மேஜை. பட்டம் வாங்கிப் பல வருஷம் ஆகிவிட்ட பெங்களூர் டாக்டர்களுக்குப் புது வைத்தியங்களைச் சொல்லித் தருவதற்காக அவர்களுடைய சங்கம் வருஷா வருஷம் நடத்துகிற ரிஃப்ரெஷர் கோர்ஸ். 1961ஆம் வருஷத்துக் கோர்ஸுக்கு ஹால் வாடகையும் மத்தியானச் சாப்பாடும் ஆராவமுதனுடைய கம்பெனி செலவு.

செலவு கம்பெனியுடையது என்பதாலேயே சங்கத்துக் கமிட்டி கூடிப் பேசி, விதிகள் எழுதி, டைப் அடித்துக் கதவில் ஒட்டியிருந்தது. கம்பெனி பணம் தரலாம், சாப்பாடு போடலாம். யார் பேசுவது, எதைப் பேசுவது என்பதில் மூக்கை நுழைக்கக் கூடாது. கம்பெனி ஆட்கள் ஹாலுக்குள் காலடி வைக்கக் கூடாது. ஹாலுக்குள் யாரும் எந்த மருந்தின் வியாபாரப் பெயரையும் உச்சரிக்கக் கூடாது, ரசாயனப் பெயர்தான் சொல்ல வேண்டும். ஆராவமுதனுக்கு அவன் அம்மா மடி உடுத்திக்கொண்டு சமைக்கிற நாட்கள் ஞாபகம் வந்தன. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால்கூடத் திட்டு விழும். கறிகாய் வாங்கி வந்து கொட்டியவன் மட்டும் அவன்தான்.

மேஜையை நகர்த்திவிட்டு சாம்பிள் சீசாக்களை மறுபடி அடுக்கினான். ரோஸிடா. குழந்தைகளின் காய்ச்சலுக்கான சிரப். இளஞ்சிவப்பு நிறம், ரோஜா வாசனை. லேபிளில் ரோஜாப் பூ படம், அதன்மேல் கொட்டை எழுத்தில் பெயர். அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: டைமெதாபிரசோல். அந்த வரியை யாரும் படித்து அவன் பார்த்ததில்லை. அவனே படித்தது போன வருஷம்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு.

மெடிக்கல் ரெப்ரசென்டேடிவ் வீட்டில் யாரும் மருந்து வாங்குவதில்லை. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி நிறைய சாம்பிள் இருக்கும்போது கடைக்குப் போவானேன்? ஆறு வயது மகள் காந்தாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் மனைவி அலர்மேல்மங்கை ரோஸிடாவைத்தான் கொடுத்தாள். குழந்தை இனிப்புக்காக இன்னும் கொஞ்சம் கேட்டது, அவனே ஸ்பூனில் ஊற்றினான். காய்ச்சல் விட்டது. பிறகு வேறு மாதிரி வந்தது. தொண்டை புண்ணாகி, எச்சில் விழுங்க முடியாமல், உதடெல்லாம் வெடித்து. ரத்தத்தில் வெள்ளை அணுக்களே இல்லை என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுந்தரேசன். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஆராவமுதன் சட்டைப்பையிலிருந்து சீசாவை எடுத்துக் கொடுத்தான். அவர் பூவைப் பார்க்கவில்லை, எறும்பு வரியைத்தான் படித்தார். அதனால்தான் குழந்தை பிழைத்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அலர்மேல்மங்கை டிரங்குப் பெட்டியை முற்றத்துக்கு இழுத்துவந்து, சீசா சீசாவாகச் சாக்கடையில் கவிழ்த்தாள். தெருக்கோடி வரைக்கும் சாக்கடை இளஞ்சிவப்பாக ஓடியது. அழவில்லை, திட்டவில்லை. இன்று காலை அவன் கிளம்பும்போது மட்டும், "இன்னிக்கும் அதைத்தான் எடுத்துண்டு போறேளா?" என்று கேட்டாள். அவன் டையைச் சரிசெய்வது போலக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேறென்ன செய்வான்? காந்தாவுக்கு மாதா மாதம் ரத்தப் பரிசோதனை, ஊசி, டானிக் எல்லாம் கம்பெனி கணக்கில் நடக்கிறது. அதற்கு ஏற்பாடு செய்தவர் ஏரியா மேனேஜர் ஹெர்பர்ட். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட்டால் ஆராவமுதனுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவர் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து கண் கலங்கியவர். வெளியே வந்ததும் அவன் தோளில் கை போட்டு, "பாம்பே ஹெட் ஆபீஸுக்கு எழுதியிருக்கேன் அமுதன். அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க. அதுவரைக்கும் நீ வாயத் திறக்காத. திறந்தா உன்னையும் காப்பாத்த முடியாது, கொழந்தைக்கு ஓடிட்டிருக்கிற ட்ரீட்மெண்டையும் காப்பாத்த முடியாது" என்றார். பாம்பேயிலிருந்து பதில் வரவில்லை. ரோஸிடா பெட்டி பெட்டியாக வந்துகொண்டிருந்தது.

ஆகவே டாக்டர் சுந்தரேசன் இந்தக் கோர்ஸில் காந்தாவின் கேஸைப் பற்றியே பேசப்போகிறார் என்று தெரிந்தபோது, ஆராவமுதனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கூடவே, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு நிம்மதியும் வந்தது. அவர் சொல்லிவிடுவார். ஊர் டாக்டர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்துவிடும். தன் வாயால் சொல்லாமலே தப்பித்துவிடலாம். காலையில் அவர் காரிலிருந்து இறங்கியதும் ஓடிப்போய்க் கேட்டான்.

"டாக்டர், இன்னிக்கு மருந்தோட பேரைச் சொல்லிடுவேளா?"

சுந்தரேசன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "பயப்படாதேயும். கொழந்தை பேரும் வராது, உம்ம மருந்து பேரும் வராது. அந்த விதியை எழுதினவனே நான்தான் ஓய். நானே மீறுவேனா?"

அவன் கேட்டது வேறு, அவருக்குப் புரிந்தது வேறு. இல்லை டாக்டர், பேரைச் சொல்லுங்கோ என்று சொல்வதுதான் மிச்சம். அதற்கு அவன் வாயெடுத்தபோது ஹெர்பர்ட் பின்னால் வந்து அவருக்குக் கை கொடுத்தார். "உங்க ரூல்ஸ் ரொம்ப நல்லா இருக்கு டாக்டர். மத்த ஊர்லயும் இப்படித்தான் வைக்கணும்" என்றார். நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னார்.

சொற்பொழிவு முழுவதும் ஆராவமுதன் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டான். ஜன்னல்கள் திறந்திருந்தன. ஆறு வயதுப் பெண் குழந்தை என்று ஆரம்பித்தார் சுந்தரேசன். அவளுடைய வாய்ப் புண்ணை, நாக்கின் நிறத்தை, ரத்தத்தின் கணக்கை ஒவ்வொன்றாகச் சொன்னார். எட்டாம் நாள் அவள் ‘அப்பா’ என்று கூப்பிட்டது அந்தக் கணக்கில் வரவில்லை. காரணம் டைமெதாபிரசோல் என்றார். சாதாரணக் காய்ச்சலுக்கு இதைக் கொடுப்பது குழந்தையைக் கிணற்று விளிம்பில் உட்கார வைப்பது என்றார்.

பிறகு ஒரு குரல் எழுந்தது. ஆஸ்டின் டவுனில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டாக்டர் ரெமிஜியஸ். ஏழை பாழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுப்பவர், ஆராவமுதனின் மேஜைக்கு முதலில் வருகிறவர்.

"சார், இது மார்க்கெட்ல என்ன பேர்ல வருது?"

ஆராவமுதன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தலைமை வகித்தவர் மணியைத் தட்டினார். வியாபாரப் பெயர் கூடாது, விதி இருக்கிறது என்றார். சுந்தரேசன் கேட்டவர் பக்கம் திரும்பினார். சொல்லிவிடும், சொல்லித் தொலையும் என்று ஆராவமுதன் மனசுக்குள் கெஞ்சினான். "லேபிளைப் படியுங்கள். அது டாக்டருடைய கடமை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். பலத்த கைதட்டல். வார்டில் நோயாளிகள் காத்திருப்பதால் கைதட்டல் ஓய்வதற்குள் காரில் ஏறிப் போயும் விட்டார். நேர்மையான மனிதர். அவருடைய நேர்மையில் குறை சொல்ல முடியாது என்பதுதான் ஆராவமுதனுக்கு ஆத்திரமாக இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் டாக்டர்கள் கோட்டைத் தாண்டி வந்து மேஜையை மொய்த்தார்கள். கிணற்று விளிம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே ரோஸிடா சீசாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். ரெமிஜியஸ் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"கேட்டீங்களா ஐயங்காரே, அந்தக் கொழந்தை கதைய? எனக்கு நெஞ்சே அடைச்சிடுச்சு. நல்ல வேளை, அந்த டைமெதா கண்றாவிய நான் தொட்டதே இல்ல." தோல் பையைத் திறந்து மேஜையில் வைத்தார். "ரோஸிடா ஸ்வல்ப ஜாஸ்தி போடுங்க. ஈஜிபுரா பக்கம் வீட்டுக்கு வீடு பசங்களுக்குக் காய்ச்சல். வேற எதக் குடுத்தாலும் துப்புதுங்க, இது ஒண்ணுதான் கேட்டு வாங்கிக் குடிக்குதுங்க."

ஆராவமுதன் பக்கத்திலேயே ஹெர்பர்ட் நின்றிருந்தார். அவன் ஒரு சீசாவை எடுத்து, எறும்பு வரி மேலே தெரியும்படி திருப்பி, டாக்டரின் உள்ளங்கையில் வைத்தான். "லேபிளப் படிச்சுப் பாத்துக்கோங்க டாக்டர். இப்பத்தான் உள்ள சொன்னாங்களே."

"உங்க மருந்துக்குக் கண்ணாடி வேற போடணுமா நான்? எத்தன வருஷமாக் குடுக்கறேன்" என்று சிரித்தபடி டாக்டர் அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஹெர்பர்ட் அவனை ஒருமுறை பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் பார்த்தார். பிறகு அவரே பையை நிரப்பிவிட்டு, "டாக்டர் பைய வண்டில வச்சிட்டு வா அமுதன்" என்றார்.

பை கனத்தது. காம்பவுண்டு ஓரத்தில் மரநிழலில் டாக்டரின் பழைய மாரிஸ் கார் நின்றது. அவர் முன்னால் நடந்துகொண்டே, மத்தியானம் டிஸ்பென்சரி திறக்க வேண்டும், வாசலில் தாய்மார்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்றார். ஆராவமுதனுக்கு அந்த வாசல் தெரியும். இடுப்பில் குழந்தையோடு வெயிலில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டித்தான் அவன் உள்ளே போவது வழக்கம். கம்பெனி ஆள் என்று அவனுக்கு எழுந்து வழி விடுவார்கள். காந்தா வீட்டில் ஜன்னலருகே உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். நாளை மறுநாள் அவளுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஹெர்பர்ட் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்பார்கள்.

டாக்டர் காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். ஆராவமுதன் பையைக் கொடுத்தான். டாக்டர் பையின் ஒரு காதைப் பிடித்து இழுத்தார். பை வரவில்லை. இன்னொரு காது அவன் விரல்களில் மாட்டியிருந்தது.

"விடுங்க ஐயங்காரே" என்றார் சிரித்துக்கொண்டே.

அவன் விடத்தான் நினைத்தான். விரல்கள் பிரியவில்லை. வாயும் திறக்கவில்லை. வராந்தாவில் அந்தச் சாக்கட்டிக் கோட்டருகே நின்று ஹெர்பர்ட், "அமுதன்" என்று கூப்பிட்டார். எஞ்சின் உறுமலில் பை அதிர்ந்து, உள்ளே சீசாக்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. டாக்டர் இன்னொரு தரம் இழுத்தார். பிறகு இழுப்பதை நிறுத்திவிட்டு, சிரிப்பு மெல்லக் கலைய, தன் சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடியைத் தடவித் தேடியபடி அவன் முகத்தையே பார்த்தார்.