தொண்ணூறு நாளில் மக்கும்

சுகாதார ஆய்வாளர் சேனாதிபதி தீக்குச்சியைக் கிழித்து என் கடைக் காபிக் கப்பின் விளிம்பில் வைத்தார். உள்பூச்சு உருகிச் சொட்டியது.

"உருகுதுல்ல? அப்ப பிளாஸ்டிக்."

"சோளத்துலேருந்து எடுத்த பூச்சு சார். மண்ணுல மக்கிரும்."

"சோளம்னா வேகணும். இது உருகுதே?"

நான் வேதியியல் படித்தவன். விளக்கி முடிப்பதற்குள் இரண்டாவது கப்பையும் கொளுத்திவிட்டார்.

கொடைக்கானலில் பிளாஸ்டிக்குக்குத் தடை. அதில் எனக்குச் சண்டையில்லை. கப்பைக் கையில் வாங்கிக்கொண்டு ஏரிச்சாலையில் நடப்பவர்கள் அதை எங்கே போடுகிறார்கள் என்று தினமும் பார்க்கிறேன். அதனால்தான் நானும் என் மனைவி லீலாவும் மக்கும் கப் கேட்டுக் கோயம்புத்தூரில் ஆர்டர் கொடுத்தோம். கப்பில் உள்ள படங்கள் லீலா வரைந்தவை. காபி விளையும் நான்கு இடங்கள். எத்தியோப்பியாவுக்குக் கழுத்து நீண்ட மண்ஜாடி, ஏமனுக்குப் பித்தளைப் பாத்திரம், குவாத்தமாலாவுக்கு நெசவுக் கோடுகள். நான்காவது பெரும்பாறை, அவள் பிறந்த ஊர். இடுப்பில் பை கட்டிய ஒரு பெண் கிளையை வளைத்துப் பழம் பறிக்கிறாள். அது அவள் அம்மா இருளாயி.

ஐயாயிரம் கப்பும் வந்து இறங்கியபோது லீலா இறந்து இரண்டு மாதம்.

"தொண்ணூறு நாள்ல மக்கும்னு பெட்டியிலயே போட்டிருக்கு சார்."

"எங்க வீட்டுக்காரி பூசுற கிரீம்லயுந்தான் ஏழு நாள்ல செவப்பாவீங்கன்னு போட்டிருக்கு. ஒண்ணு பொதைங்க. மக்குச்சுன்னா வியாபாரம் பண்ணுங்க. இல்லேன்னா அம்புட்டையும் அள்ளிட்டுப் போயி அழிச்சுருவேன்."

பெட்டிகளுக்குச் சீல் வைத்தார். புதைப்பதற்கு அவரே ஒரு கப்பை உருவினார். பெரும்பாறைக் கப். கடைக்குப் பின்னால் குழி தோண்டினேன்.

அது நவம்பர். பிப்ரவரியில் அவர் முன்னால் தோண்டினேன். கப் வைத்தபடியே இருந்தது. துடைத்தால் படம் பளிச்சென்று வந்தது. அந்தப் பெண்ணின் மூக்குத்திகூட அழியவில்லை.

"காபி ஊத்திக் குடிக்கலாம் போலருக்கே" என்றார் சேனாதிபதி.

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். "உங்க ஊரு குளிருல்ல சார்? இதுக்கு அறுபது டிகிரி சூடு வேணுமே" என்றான் ஒருவன். அதைப் பெட்டியில் போட இடமில்லையாம். தயிர் உறையப் பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றும் ஊரில், நானும் யோசிக்காமல் குழி தோண்டியிருக்கிறேன்.

கெஞ்சி ஏப்ரல் வரை அவகாசம் வாங்கினேன். இருளாயி அத்தைக்குப் போனில் சொன்னேன்.

"அந்த ஐஸு மண்ணுல பொணமே மக்காதே மருமகன்" என்றார்.

லீலாவை அந்த மண்ணில்தான் வைத்திருக்கிறோம்.

"கப்ப இங்க கொண்டாங்க" என்றார் அத்தை. "காப்பித் தோலு குமிச்சுக் கெடக்கு. கைய வச்சா சுட்டுப்புரும்."

பழத்தை உரித்த தோலை எஸ்டேட்டில் ஆளுயரம் குவித்து, சாணி கலந்து கிளறுவார்கள். உள்ளே கொதிக்கும். காலையில் ஆவி எழும்பும்.

அதே கப்பைப் பூண்டு வலைப்பையில் போட்டு, வாயைக் கம்பியால் கட்டிச் சீல் வைத்தார் சேனாதிபதி.

"இந்த வலைதான் சார் நெசப் பிளாஸ்டிக்."

"அது வேற டிபார்ட்மெண்டு. கெளம்புங்க."

பெரும்பாறையில் அத்தை வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யாரு இது?"

"நீங்கதான் அத்தை. லீலா வரஞ்சது."

"எம் மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு? சிலோன்ல கூடைய முதுகுல போட்டுத் தேயிலைக் கொழுந்து எடுத்தவ நான். அதையில்ல வரஞ்சிருக்கணும்?"

"இது காப்பிக் கப்பு அத்தை."

"அதுக்கு?"

அவர் கையை முழங்கை வரை குவியலுக்குள் விட்டு வலையைச் செருகினார். கையை உதறிக்கொண்டார்.

ஏப்ரல் முதல் வாரம் சேனாதிபதியுடன் பஸ்ஸில் போனேன். வளைவுக்கு வளைவு ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தார். அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

அத்தை வலையை வெளியே இழுத்தார். சீல் அப்படியே இருந்தது. கம்பியை வெட்டிச் சாக்கில் கொட்டினோம். கறுப்பாக உதிர்ந்தது. விளிம்பு மட்டும் உடைந்த வளையல் துண்டு அளவுக்கு இருந்தது. கிளை இல்லை. பை இல்லை. மூக்கு இல்லை.

"மக்கிருச்சு" என்றார் சேனாதிபதி.

நான் விரலால் கிளறிக்கொண்டிருந்தேன்.

"என்ன மருமகன் தேடுறீங்க? மக்கணும்னுதான கொண்டாந்தீங்க?"

"ஆமா அத்தை."

சாக்கைத் தூக்கி அத்தை எல்லாவற்றையும் குவியலிலேயே தட்டிவிட்டார்.

மறுநாள் காலை சேனாதிபதி பெட்டிகளின் சீலை உடைத்தார். குடித்த கப்களைத் தொட்டி வைத்துச் சேகரித்து, வாரம் ஒருமுறை பெரும்பாறைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதி வாங்கினார். பிறகு பெட்டிக்குள் துழாவிப் பெரும்பாறைக் கப் ஒன்றை எடுத்தார்.

"இதுல ஊத்தாதீங்க. எங்க வீட்டு ஷோகேஸ்ல வைக்கணும். அந்தம்மாவத்தான் நேர்ல பாத்துட்டேன்ல."

ஐந்து மாதம். ஒரு குழி, ஒரு குவியல். எத்தனை தீக்குச்சி. கப்பை அவர் கையிலிருந்து பிடுங்கி விளிம்பு வரை காபியை ஊற்றினேன்.

"குடிங்க சார். அதுக்குத்தான் வரஞ்சா."

ஊதி ஊதிக் குடித்தார். முடித்த பிறகும் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாங்கித் தொட்டியில் போட்டேன். வரிசையில் அடுத்து நின்றவருக்கு இன்னொன்று எடுத்தேன்.